பழைய இரும்புப் போத்தல் இன்னும் வேலைக்கு ஆகுமா?

மார்ச் 9, கேள்வி

திருகோணமலைப் பக்கம் நிலாவெளியில் இருந்து எழுதுகிறேன். சுழியோடப் பழகி இரண்டு பருவம் ஆகிறது. முதுகில் கட்டும் காற்றுப் போத்தலுக்கு வாடகையாகக் கொடுத்த காசைக் கூட்டிப் பார்த்தால் சொந்தமாகவே ஒன்று வாங்கியிருக்கலாம் போலிருக்கிறது. கொட்பேயில் ஒருவர் பழைய இரும்புப் போத்தல் ஒன்றை 30,000 ரூபாவுக்குத் தருவதாகச் சொல்கிறார். தோளில் 1974 என்று பொறித்திருக்கிறது. கோணேசர் கோயிலுக்குக் கீழே ஆர்தர் சி. கிளார்க் இறங்கியபோது அவர் முதுகில் இருந்தது இதுதான் என்கிறார். கூட்டாளிகளோ, இரும்பைத் தொடாதே, வெடிக்கும் என்கிறார்கள். வாங்கலாமா ஐயா?

மார்ச் 9, இரவு

கிளார்க்கும் அவரோடு சுழியோடிய மைக் வில்சனும் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலைக்குக் கீழே கோயில் தூண்களைக் கண்டது 1956இல். போத்தல் பிறந்தது 1974இல். கிளார்க் எதிர்காலத்தைப் பற்றி நிறைய எழுதியவர்தான். அதற்காகப் பதினெட்டு ஆண்டு கழித்துச் செய்யப்போகும் போத்தலை முதுகில் கட்டிக்கொண்டு இறங்கியிருக்க மாட்டார். கதைக்குக் கேட்கும் காசைக் கழித்துவிட்டு இரும்புக்கு மட்டும் விலை பேசும் தம்பி.

வாங்கும் என்பதுதான் என் பதில். என்னிடம் 1971ஆம் ஆண்டுப் போத்தல்கள் இரண்டு இருக்கின்றன. துறைமுகத்தில் என் மாமாவோடு வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊரை விட்டுப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனவை. இரண்டும் என் முழங்காலைவிட நல்ல நிலையில் இருக்கின்றன. சீனன்குடாவில் நிற்கும் எண்ணெய்த் தாங்கிகள் வெள்ளைக்காரன் காலத்து இரும்புதானே? அவற்றில் சில இன்றும் வேலை செய்யவில்லையா?

மார்ச் 10

சீனன்குடா உவமை பிழை. எண்ணெய்த் தாங்கி வெறுமனே எண்ணெயைத் தாங்குகிறது, அவ்வளவுதான். நம்முடைய போத்தலின் உட்சுவரில் பெருவிரல் நகம் அளவு இடத்தில் மூன்று அந்தர், அதாவது நூற்றைம்பது கிலோ அரிசி ஏறி நிற்கிறது என்று எண்ணிக்கொள்ளும். அந்த எடையைச் சுமக்கும் சுவரின் தடிப்பு அரை சென்ரிமீற்றருக்குள்தான். நடு இரவில் பதில் எழுதினால் இப்படித்தான் வரும்.

உம்முடைய கூட்டாளிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இரும்பு வெடிக்கும், அலுமினியம் வெடிக்காது என்ற கணக்கை எங்கே படித்தார்கள்? 1980களின் கடைசி வரை 6351 என்ற கலப்புலோகத்தில் அலுமினியப் போத்தல்கள் வந்தன. அவற்றில் சிலவற்றுக்கு, வால்வு பூட்டும் கழுத்து மரையில் மெல்ல மெல்ல வெடிப்பு ஓடியது. நிரப்பிக்கொண்டிருக்கும்போதே சிதறி ஆட்களை ஊனமாக்கியவையும் உண்டு. பிறகுதான் 6061 என்ற கலப்புக்கு மாறினார்கள். ஆகவே பழையது என்று பயப்படுவதானால் பழைய அலுமினியத்துக்குத்தான் முதலில் பயப்பட வேண்டும். துருப்பிடித்த இரும்புக்கும் பயம் வேண்டும், மறுக்கவில்லை.

மார்ச் 12

தோளில் உள்ள எழுத்தை எப்படி வாசிப்பது என்று கேட்டிருந்தீர். உப்பும் பழைய பூச்சும் அடைத்திருக்கும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, சுண்ணக்கட்டியைக் குறுக்கே வைத்துத் தேயும். எழுத்து எழுந்து வரும்.

அமெரிக்கப் போத்தல் என்றால் முதலில் டிஓடி என்று இருக்கும், அந்நாட்டுப் போக்குவரத்துத் திணைக்களத்தின் சுருக்கம். அதற்கும் முந்தியது என்றால், முன்பு அந்த வேலையைப் பார்த்த ஆணைக்குழுவின் ஐசிசி. அடுத்து 3ஏஏ என்பது குரோமும் மொலிப்டினமும் சேர்ந்த எஃகு என்பதற்கான அடையாளம். அதன் பின்னால் 2250 என்று இருந்தால் அதுதான் வேலை அழுத்தம், பிஎஸ்ஐ கணக்கில், அதாவது சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல். பார் கணக்கில் 155. பிறகு மாதமும் ஆண்டும். முதல் தேதிக்குப் பக்கத்தில் கூட்டல் குறி இருந்தால் பத்து வீதம் கூட்டி, 170 பார் வரை நிரப்பலாம். ஆனால் அந்தச் சலுகை ஒவ்வொரு சோதனையிலும் புதிதாக வாங்க வேண்டியது. கடைசிச் சோதனை முத்திரையில் கூட்டல் இல்லை என்றால் 155தான். கொட்பேக்காரர் ஆணியால் கீறிய கூட்டல் செல்லாது.

ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை நீரழுத்தச் சோதனை. ஒவ்வோர் ஆண்டும் வால்வைக் கழற்றி உள்ளே விளக்கு விட்டுப் பார்க்க வேண்டும்.

மார்ச் 13

பார் என்றால் என்ன என்று இன்னொருவர் கேட்கிறார். மீனவருக்குப் பார் என்றால் கடலடியில் முருகைக்கல் கிடக்கும் இடம். உப்புவெளி விடுதிக்காரருக்கு வேறொரு பார். இங்கே அது காற்றழுத்தத்தின் அலகு. கடல் மட்டத்தில் நம்மைச் சுற்றியிருக்கும் காற்று ஏறத்தாழ ஒரு பார். பத்து மீற்றர் இறங்கினால் இரண்டு.

மார்ச் 17

எது அதிக நேரம் தாக்குப்பிடிக்கும் என்ற கேள்விக்கு வாயால் பதில் சொல்லிப் பயனில்லை, கணக்குப் போட வேண்டும்.

இந்த வகை இரும்புப் போத்தலின் கொள்ளளவு ஏறத்தாழ 12 லீற்றர். 155 பார் என்றால் 1,860 லீற்றர் காற்று. கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும் அலுமினியம் 80, 80 கன அடிக் காற்று என்ற கணக்கில் வந்த பெயர், 11.1 லீற்றர். 200 பார் என்றால் 2,220. வித்தியாசம் 360 லீற்றர். புறாத்தீவுப் பாரில் பத்து மீற்றரில், பதறாமல் மூச்சு விடுபவர் நிமிடத்துக்கு 40 லீற்றர் இழுப்பார். ஆக ஒன்பது நிமிடம் குறைகிறது. சுற்றுலாக்காரரை அழைத்துப் போகிறவருக்கு அந்த ஒன்பது நிமிடம் பெரிது. எனக்கு இல்லை. காற்றுத் தீரும் முன்பே எனக்குக் குளிர்ந்துவிடும்.

எடை விடயத்தில் இரும்பு வெல்லும். அலுமினியம் 80 காற்றுத் தீரத் தீர மேலே எழும்பப் பார்க்கும். வெறுமையாகும்போது கிட்டத்தட்ட இரண்டு கிலோ மிதப்பு. ஆழங்குறைந்த இடத்தில், வேலை முடிந்து நிதானமாக நிற்க வேண்டிய நேரத்தில்தான் அது உம்மை மேலே தள்ளும். அதற்காகத் தொடக்கத்திலேயே ஈயப்பட்டியில் இரண்டு கிலோ கூட்டிக் கட்டிக்கொண்டு இறங்க வேண்டும். பழைய இரும்பு தீர்ந்த பிறகும் கிட்டத்தட்டக் கிடந்த இடத்தில் கிடக்கும். கரையில் தூக்கிப் பார்த்தாலும் அலுமினியத்தைவிடச் சற்று இலகுதான். பலர் நம்ப மாட்டார்கள், தராசில் வைத்துக் காட்டியிருக்கிறேன். அலுமினியம் மென்மையான உலோகம், அதனால் சுவரை ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் தடிப்பாக வைக்க வேண்டியிருக்கிறது.

ஒன்றை மறந்துவிட்டேன். நிரப்பும் இடத்தில் வரிசையாக நிற்கும் எல்லாப் போத்தலுக்கும் 200 பார் ஏற்றிவிடுவார்கள். கை பழகிவிட்டது. நான் என் போத்தலில் 155 என்று வெள்ளைப் பூச்சால் பெரிதாக எழுதியிருக்கிறேன். அப்படியும் பக்கத்தில் நின்றுதான் வாங்குவேன்.

மார்ச் 18

"ஒட்சிசன் போத்தல்" என்று யாரும் இனி எழுத வேண்டாம். பத்திரிகைக்காரர்கள் எழுதினால் எழுதட்டும். உள்ளே இருப்பது வெறும் காற்று. தூய ஒட்சிசனோடு பத்து மீற்றரில் நெடுநேரம் இருந்தால் வலிப்பு வரலாம்.

மார்ச் 24

தம்பி கெட்டிக்காரன். "உங்கள் போத்தல்களில் கடைசி முத்திரை எப்போது?" என்று கேட்டிருக்கிறார். இரண்டு நாள் பதில் எழுதாமல் இருந்தேன்.

2016.

2021இல் கொரோனா. 2022இல் எரிபொருள் இல்லை. 2023இல் சோம்பல். முதல் இரண்டு காரணத்தையும் யாரும் ஏற்றுக்கொள்வார்கள்.

அவற்றின் பழைய கதையையும் சொல்லிவிடுகிறேன். யுத்த காலத்தில் சுழியோடும் சாமான் வீட்டில் இருப்பதே வம்பு. மாமா இரண்டையும் சாக்கில் சுற்றிச் சமையலறையில் நெல் மூட்டைகளுக்குப் பின்னால் வைத்தார். ஒன்றில் கொஞ்சம் காற்று இருந்தது, வால்வு இறுக்கி மூடியிருந்தது. மற்றதன் வால்வுப் பிடி உடைந்து பாதி திறந்தே கிடந்தது. அப்படியே இருபது ஆண்டுக்கு மேல். 2004 டிசம்பர் 26 அன்று கடல் உப்புவெளி வீட்டுக்குள் வந்தபோது நெல் மூட்டைகள் போயின, போத்தல்கள் வேலியில் சிக்கி நின்றன. மூடியிருந்ததைப் பின்னர் திறந்தபோது உட்சுவர் நேற்றுச் செய்ததுபோல் சாம்பல் நிறத்தில் பளிச்சென்று இருந்தது. திறந்திருந்ததில் ஒரு கை நிறையக் கடல் மண்ணும் செம்மண் நிறத் தண்ணீரும்.

அதைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும். பழைய துணி துவைக்கும் இயந்திரத்தின் மோட்டாரை உருளைகளில் பொருத்தி, உள்ளே அரைக்கும் பீங்கான் துண்டுகளைப் போட்டு நாட்கணக்கில் உருட்டினேன். கொதிநீரால் அலசி, சூடான காற்றை ஊதி உலர்த்தினேன். 2011இல் தேறியது. 2016இலும் தேறியது. அதில்தான் எனக்குக் கர்வம்.

மார்ச் 25

மூடிக் கிடந்த போத்தலின் காற்றை மூச்சுக்கு எடுத்தேனா என்று ஒருவர் கேட்கிறார். இல்லை. நீரும் எடுக்காதீர். துரு பிடிப்பது என்றால் இரும்பு ஒட்சிசனைத் தின்பதுதான். உள்ளே ஈரம் இருந்து பல மாதம் அழுத்தத்தோடு கிடந்த போத்தலில் காற்று நிறைய இருக்கும், ஒட்சிசன் குறைந்திருக்கும். அளவுமானி அதைக் காட்டாது. மூச்சு முட்டுகிற உணர்வும் வராது, நேராக மயக்கம்தான். திறந்து வெளியே விட்டுவிட வேண்டும்.

ஏப்ரல் 2

ஜே வால்வு. தம்பியின் போத்தலில் பக்கத்தில் நீளக் கம்பி தொங்குகிறதாம், இது எதற்கு என்கிறார். அழுத்தமானி கைக்கு வராத காலத்து ஏற்பாடு அது. ஏறத்தாழ 20 பார் மிஞ்சும்போது மூச்சு இறுகும். கம்பியைக் கீழே இழுத்தால் மிச்சக் காற்று கிடைக்கும். உடனே மேலே வர வேண்டும்.

ஏற்பாடு நல்லதுதான். எங்களோடு சங்கு குளித்த மூத்தவர் ஒருவருக்குக் கம்பி பாறையில் உரசி முதலிலேயே கீழே இறங்கியிருந்தது. மூச்சு இறுகியதும் இழுத்தார், ஒன்றும் வரவில்லை. பன்னிரண்டு மீற்றர்தான், மேலே வந்துவிட்டார். ஒரு கிழமை யாரோடும் பேசவில்லை. நிரப்பும்போதும் பிடி கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்று ஒழுங்காக ஏறாது. இப்போது அழுத்தமானி இருக்கிறது, அந்த வால்வைக் கழற்றிச் சாதாரண வால்வு போட்டுவிடலாம்.

போடும்போது மரையைப் பாரும். இதை நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். அமெரிக்கப் பழைய போத்தலின் கழுத்து அங்குலக் கணக்கு, முக்கால் அங்குலம். ஐரோப்பியப் போத்தல்களில் எம்25 என்ற மில்லிமீற்றர் மரை. மில்லிமீற்றர் வால்வு அங்குலக் கழுத்துக்குள் சில சுற்றுப் போய்ப் பிடித்துக்கொண்டதுபோல் நிற்கும். பிடிக்கவில்லை. அழுத்தம் ஏறும்போது வால்வு துவக்குச் சன்னம் போலப் பறக்கும். உலகெங்கும் கைகளும் முகங்களும் போயிருக்கின்றன. நம் ஊரில் எங்கிருந்தெல்லாமோ வந்த போத்தல்கள் ஒரே கொட்டகையில் கலந்து கிடக்கின்றன. இரண்டிலும் அளவு பொறித்திருப்பதை வாசிக்காமல் பூட்டவே வேண்டாம்.

ஏப்ரல் 4

தம்பி படம் அனுப்பினார். உள்ளே விளக்கு விட்டால் பச்சை நிறத்தில் தோல் உரிந்தது போல் ஏதோ தெரிகிறது.

வாங்க வேண்டாம்.

மார்ச் 9 அன்று வாங்கும் என்று எழுதியவன் நான்தான். அது உட்பூச்சு. துரு பிடிக்காமல் இருக்கட்டும் என்று அக்காலத்தில் சில போத்தல்களுக்கு உள்ளே பூசினார்கள். எண்ணம் நல்லது. பூச்சு ஓரிடத்தில் உரிந்தால் அதன் அடியில் ஈரம் ஒளிந்துகொள்ளும், துரு கண்ணுக்குத் தெரியாமல் ஓடும். உரிந்த துணுக்கு வால்வை அடைக்கும். சுரண்டி எடுக்கலாம், ஆனால் எடுத்த பிறகுதான் அடியில் என்ன இருக்கிறது என்று தெரியும். 30,000 கொடுத்துவிட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விடயம் அல்ல.

ஏப்ரல் 16

புத்தாண்டு விடுமுறையில் என்னுடைய இரண்டையும் திறந்தேன். அடுத்தவன் போத்தலுக்குள் விளக்கு விடச் சொன்ன பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

முதலாவது பளிச். இரண்டாவதில், கழுத்துக்குக் கீழிருந்து அடி வரைக்கும் ஒரு பக்கமாக, கையளவு அகலத்தில் செந்நிறப் பட்டை. பல்மருத்துவரின் கண்ணாடியைக் கம்பியில் கட்டி உள்ளே விட்டுப் பார்த்தேன். வெறும் மேல் துரு அல்ல. குழிகள். ஒன்றோடொன்று சேர்ந்து கோடாக ஓடுகின்றன.

அடியில் மட்டும் இருந்திருந்தால் அவ்வளவு கவலை இல்லை, அடி தடிப்பானது. பக்கச் சுவர்தான் மெல்லியது. பக்கத்தில் ஏன் வந்தது? கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்தேன், அதனால். நிறுத்தி வைக்க வேண்டும் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்.

ஏப்ரல் 17

தண்ணீர் எப்படிப் போனது? நிரப்பிய இடத்தின் தவறு என்றுதான் நினைக்கிறேன். காற்றை அழுத்தினால் அதிலுள்ள ஈரம் தண்ணீராகப் பிரியும். கொம்பிரசரில் கால் மணிக்கொரு தரம் அதைத் திறந்து வெளியே விட வேண்டும். வடிகட்டியை நேரத்துக்கு மாற்ற வேண்டும். நம் ஊர்க் காற்றில் கச்சான் வீசாத நாளில் துணியே காயாது, அவ்வளவு ஈரம். அவர்கள் வரிசையை முடிக்கும் அவசரத்தில் எதையும் திறப்பதில்லை. போத்தலைப் பூட்டும் முன் வால்வு வாயிலுள்ள துளித் தண்ணீரை ஊதித் தள்ளுவதும் இல்லை.

ஏப்ரல் 19

மேலே உள்ளதை வாசித்த என் மகள் கேட்டாள்: "அப்பா, அதே இடத்தில்தானே இரண்டையும் நிரப்பினீர்கள்? மற்றது ஏன் பளிச்சென்று இருக்கிறது?"

சொல்லாமல் விடலாம் என்றுதான் இருந்தேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் குச்சவெளிப் பக்கம் ஒரு வள்ளக்காரரின் நங்கூரம் பாறையில் மாட்டிக்கொண்டது. மிதவைப் பைக்குள் காற்று அடித்துத் தூக்கினோம். பை நிரம்பவில்லை, நான் விடாமல் இரண்டாவது போத்தலை முழுதாகக் காலியாக்கினேன். முள் பூச்சியத்துக்கு வந்த பிறகும் வால்வு திறந்தே இருந்தது, பதினைந்து மீற்றரில். அந்த ஆழத்தில் வெளியே இரண்டரை பார், உள்ளே அதற்குக் குறைந்தால் கடல் உள்ளே போகும். போயிருக்கிறது. கரைக்கு வந்ததும் வால்வைக் கழற்றி நல்ல தண்ணீரால் அலசியிருந்தால் முடிந்தது. வள்ளக்காரர் ஒரு பெரிய பாரைக்குட்டி தந்தார். வீட்டுக்குப் போய்க் கறி சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

நிரப்பும் இடத்துக்காரரைப் பற்றி ஏப்ரல் 17 அன்று எழுதியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். ஈரத்தைத் திறந்துவிடுவதில்லை என்பது உண்மைதான்.

மே 6

இரண்டையும் கொழும்புக்குச் சோதனைக்கு எடுத்துப் போனேன். வால்வைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன், பஸ்ஸில் ஓட்டை தெரிந்தால்தான் ஏற்றுவார்கள். நடத்துனர் உள்ளே எட்டிப் பார்த்து, "இதில் என்ன வடிப்பீர்கள்?" என்று கேட்டார். 2022இல் இதே போத்தலைத் தோளில் வைத்துக்கொண்டு கடைத்தெருவில் நடந்தபோது பின்னால் ஏழெட்டுப் பேர் வந்தார்கள், எரிவாயு எங்கே கொடுக்கிறார்கள் என்று கேட்டபடி. அதோடு பார்த்தால் முன்னேற்றம்தான்.

சோதனை எப்படி என்று கேட்டவருக்கு: போத்தலுக்குள்ளும் தண்ணீர், அதைச் சுற்றியுள்ள உறைக்குள்ளும் தண்ணீர். உள்ளே வேலை அழுத்தத்தைப்போல ஒன்றே முக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைவாக, 2250க்கு 3750 பிஎஸ்ஐ வரை ஏற்றுவார்கள். போத்தல் உப்பும்போது உறையிலிருந்து வெளியேறும் தண்ணீரை அளப்பார்கள். அழுத்தத்தை இறக்கியதும் திரும்பச் சுருங்க வேண்டும். உப்பியதில் பத்து வீதத்துக்கு மேல் சுருங்காமல் நின்றுவிட்டால் தோல்வி. காற்றால் ஏற்றாமல் தண்ணீரால் ஏற்றுவது ஏன் என்றால், தண்ணீர் அமுங்காது, போத்தல் கிழிந்தாலும் ஒரு பீறலோடு முடிந்துவிடும்.

மே 28

முதலாவது தேறியது. கூட்டல் குறியோடு. 53 வயது.

இரண்டாவதற்குத் தண்ணீரே விடவில்லை. பரிசோதகர் விளக்கை உள்ளே விட்டார், எடுத்தார், என்னைப் பார்த்தார். "கடலுக்குள் திறந்தீர்களா?" என்றார். அவ்வளவு அனுபவம். வேறு யாரும் எடுத்து நிரப்பிவிடாதபடி சுவரில் துளை போட்டுத் தரச் சொன்னேன். துளையிடும் சத்தத்தைக் கேட்க விரும்பாமல் வெளியே போய்ப் பிளேன்டீ குடித்தேன். இப்போது கிணற்றடியில் நிற்கிறது, நிறுத்தித்தான் வைத்திருக்கிறேன்.

ஜூன் 8

தம்பி அலுமினியம் 80 ஒன்று வாங்கிவிட்டாராம். தோளில் 2009 என்றிருக்கிறது, 6351 கவலை இல்லை. முத்திரை புதிது, மரையையும் வாசித்தாராம். நல்லது. ஈயம் எவ்வளவு கூட்ட வேண்டும் என்று கேட்கிறார். மார்ச் 17ஐத் திரும்ப வாசியும். இரண்டு கிலோவில் தொடங்கி, போத்தல் தீரும் நேரத்தில் ஐந்து மீற்றரில் நிற்க முடிகிறதா என்று பாரும்.

கொட்பேக்காரர் விலையை 25,000க்கு இறக்கியிருக்கிறாராம். போத்தல் இப்போது கிளார்க்குடையது அல்ல, மைக் வில்சனுடையது. 1974இல் வில்சன் உயிரோடு இருந்தார், ஆகவே இம்முறை ஆண்டுக் கணக்கு இடிக்கவில்லை.